பேலட்டோட கீழ்ப்பக்கம்: வரியும் வோட்டும், வாசகர் கேள்விகள்

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல வோட்டு, வரி பத்திதான். அமெரிக்காவுல இருக்கற நம்ம ஆளுங்க பிரசிடென்ட் எலெக்‌ஷன்னா ராத்திரி 1 மணி வரைக்கும் பேசுவாங்க, ஆனா அதே பேலட்ல கீழ வர்ற ப்ராப்பசிஷன், மெஷர்னு (மக்களே நேரா யெஸ், நோ போடற மாநில, லோக்கல் விஷயங்கள்) வந்துட்டா "அதெல்லாம் யாருக்குப் புரியுது"ன்னு விட்டுடறாங்க. வீட்டு வரி எவ்வளவு, பெட்ரோல் பங்க்ல எவ்வளவு, பிள்ளைங்க கிளாஸ்ல எத்தனை பேர், இதுல பெரும்பகுதி அந்தக் கீழ்ப்பக்கத்துலதான் முடிவாகுது, அதனால இந்தத் தடவை வேற கேள்வி எதையும் எடுக்கல.

கேள்வி (சான் ஹோசே): அக்கா, போன மாசம்தான் எனக்கு சிட்டிசன்ஷிப் ஓத் முடிஞ்சுது. வோட்டர் லிஸ்ட்ல பேரு தானா வந்துடுமா? ஏதாவது கட்சியில சேரணும்னு சொல்றாங்களே, எனக்கு அதுல இஷ்டம் இல்ல.

முதல்ல வாழ்த்துக்கள் தம்பி. பேரு தானா வராது, நீங்கதான் பதியணும். ஓத் நடக்கற இடத்துலயே சில சமயம் வாலன்டியர்ஸ் ஃபார்ம் வச்சுக்கிட்டு நிப்பாங்க, அங்க விட்டுட்டா கூட பரவாயில்ல, கலிஃபோர்னியா செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் (மாநிலத்துல தேர்தலைப் பாத்துக்கற அதிகாரி) வெப்சைட்ல அஞ்சு பத்து நிமிஷ வேலை. டிரைவிங் லைசென்ஸ் நம்பர், சோஷியல் செக்யூரிட்டி நம்பரோட கடைசி 4 எண், பிறந்த தேதி, இவ்வளவுதான் கேக்கும். உங்க கையெழுத்தை லைசென்ஸ் குடுக்கற டிஎம்வி ஆஃபிஸ் ஃபைல்லேருந்து அவங்களே எடுத்துப்பாங்க. இங்கதான் ஒரு விஷயம் கவனிக்கணும், நீங்க தபால்ல அனுப்பற பேலட் கவர் மேல போடற கையெழுத்தை அந்தப் பழைய கையெழுத்தோட ஒப்பிட்டுப் பாப்பாங்க, நம்ம ஆளுங்க நிறைய பேர் லைசென்ஸ்ல ஒரு மாதிரி, பேங்க்ல ஒரு மாதிரி போடறோம். ஒத்துப்போகலன்னா கவுன்ட்டிலேருந்து (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) உங்களுக்குத் தகவல் அனுப்பி சரி பண்ண சான்ஸ் குடுத்தே ஆகணும்னு சட்டம் இருக்கு, ஆனா அந்த லெட்டரைப் பிரிக்காம குப்பையில போட்டீங்கன்னா உங்க வோட்டு எண்ணப்படாது.

தேர்தலுக்கு 15 நாள் முன்னாடி வரைக்கும் பதியலாம். அது தாண்டிடுச்சுன்னாலும் விட்டுடாதீங்க, கவுன்ட்டி எலெக்‌ஷன் ஆஃபிஸ்லயோ வோட் சென்டர்லயோ நேர்ல போனா தேர்தல் அன்னிக்குக் கூட பதிஞ்சு அங்கேயே வோட்டு போடலாம். பதிஞ்ச எல்லாருக்கும் பேலட் வீட்டுக்கே தபால்ல வரும். நிரப்பி, கவர்ல கையெழுத்து போட்டு, முடிஞ்சவரைக்கும் டிராப் பாக்ஸ்ல போடுங்க, கடைசி நாள்ல தபால் பெட்டியில போட்டா எந்தத் தேதி முத்திரை விழும்னு நம்ம கையில இல்ல.

கட்சி கட்டாயம் இல்ல. "நோ பார்ட்டி ப்ரெஃபரன்ஸ்"னு இருக்கறதை டிக் பண்ணுங்க, ப்ராப்பசிஷன் எல்லாத்துலயும் உங்களுக்கு முழு வோட்டு உண்டு. அதுல "அமெரிக்கன் இன்டிபென்டன்ட்"னு ஒண்ணு இருக்கும், எந்தக் கட்சியும் இல்லைங்கறதுதான் அதுன்னு நினைச்சு ரொம்ப பேர் அதைத் தேர்ந்தெடுக்கறாங்க, ஆனா அது நிஜமாவே ஒரு தனிக் கட்சி.

கேள்வி (ஃப்ரீமான்ட்): நான் கிரீன் கார்டு. லைசென்ஸ் ரினியூ பண்ணப்போ ஸ்க்ரீன்ல வோட்டர் ரிஜிஸ்ட்ரேஷன்னு ஏதோ வந்துச்சு, அவசரத்துல எதை அமுக்கினேன்னு ஞாபகம் இல்ல. பல வருஷமா வரி கட்டறேன், எனக்கு ஏன் வோட்டு இல்ல?

ரெண்டு கேள்வி கேட்டிருக்கீங்க, முதல்ல அவசரமானதைச் சொல்றேன். சிட்டிசன் இல்லாதவங்க பதியவும் கூடாது, வோட்டும் போடக் கூடாது, இதுல யாராவது "சும்மா லோக்கல் எலெக்‌ஷன்தானே"ன்னு சொன்னா காதுலயே வாங்காதீங்க. சிட்டிசன்னு பொய்யா சொன்னதா ரெக்கார்டு ஆயிட்டா கிரீன் கார்டே போற அளவுக்குப் பிரச்சினை, நாடு கடத்தற வரைக்கும் போகலாம். நாளைக்கு சிட்டிசன்ஷிப்புக்கு என்-400 ஃபார்ம் போடறப்போ "எப்பவாவது வோட்டுக்குப் பதிஞ்சிருக்கீங்களா, வோட்டு போட்டிருக்கீங்களா"ன்னு நேராவே கேள்வி இருக்கு. கலிஃபோர்னியாவுல 2018லேருந்து டிஎம்வில தகுதி இருக்கறவங்கன்னு சொன்னா தானாவே பதிவாகற முறை வந்துடுச்சு, அதனால அந்த ஸ்க்ரீனை ஒவ்வொரு வரியா படிச்சுத்தான் அமுக்கணும். உங்க பேரு லிஸ்ட்ல இருக்கான்னு செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் வெப்சைட்லயே பாக்கலாம். இருந்துச்சுன்னா பேலட் வந்தாலும் தொடாதீங்க, இமிக்ரேஷன் வக்கீலைப் பாத்து அவங்க சொல்றபடி எழுத்து மூலமா கேன்சல் பண்ணி காப்பி வச்சுக்கோங்க. கடை வாசல்ல போர்டு மாட்டி பெட்டிஷன்ல கையெழுத்து கேப்பாங்களே, அதுவும் பதிஞ்ச வோட்டர்ஸுக்கு மட்டும்தான், அதுலயும் போடாதீங்க.

இப்போ ரெண்டாவது கேள்வி. உங்க வருத்தம் நியாயமான வருத்தம். கிரீன் கார்டுக்கே பல வருஷம் வரிசையில நின்னு, அதுக்கு அப்புறம் இன்னும் 5 வருஷம், இத்தனை காலம் வரி கட்டிக்கிட்டே வெளியில நிக்கறது கஷ்டம்தான். ஆனா வோட்டு இல்லன்னா குரலும் இல்லன்னு ஆகாது. சிட்டி கவுன்சில், ஸ்கூல் போர்டு, கவுன்ட்டியை நடத்தற சூப்பர்வைசர்ஸ் மீட்டிங் எல்லாத்துலயும் பொதுமக்கள் பேச ரெண்டு மூணு நிமிஷம் குடுப்பாங்க, அங்க யாரும் உங்க விசாவைக் கேக்க மாட்டாங்க. ஒரு லோக்கல் வரி பேலட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி பெரும்பாலும் இந்த மீட்டிங்லதான் அதோட அளவும் வருஷமும் முடிவாகுது, காலி ஹால்ல பத்து பெற்றோர் எழுந்து பேசினா அது கேக்கும். சான் ஃப்ரான்சிஸ்கோவுல 2016ல வோட்டர்ஸ் ஒத்துக்கிட்டு, பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க இருக்கற பெற்றோர் சிட்டிசன் இல்லன்னாலும் ஸ்கூல் போர்டு தேர்தல்ல வோட்டு போடலாம்னு கொண்டு வந்தாங்க, அதையும் வக்கீல்கிட்ட கேக்காம போடாதீங்க. எச்-1பி வேலை விசாவுல இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை, தேர்தல் பிரசாரத்துக்கு டொனேஷன் குடுக்கற விஷயத்துல கிட்டயே போகாதீங்க, கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் குடுக்கறதை ஃபெடரல் சட்டம் தடுக்குது.

கேள்வி (டப்ளின், கலிஃபோர்னியா): நம்ம ஊர்ல வரியை சட்டசபை போடும், நாம கட்டுவோம். இங்க ஏன் மேடம் ஒவ்வொரு தடவையும் நம்மளையே கேக்கறாங்க? இதுக்குத்தானே எம்எல்ஏ மாதிரி ஆளுங்களைத் தேர்ந்தெடுக்கறோம்?

நல்ல கேள்வி, இதுக்குப் பதில் தெரிஞ்சா மத்த குழப்பம் பாதி போயிடும். கலிஃபோர்னியாவுல 1911ல ஹைரம் ஜான்சன் கவர்னரா இருந்தப்போ மக்களே நேரா சட்டம் கொண்டு வரலாம்னு மாத்தினாங்க, அந்தக் காலத்துல ரயில்வே கம்பெனி சட்டசபையையே கையில வச்சிருந்துச்சுன்னு மக்களுக்குக் கோபம். கவர்னர் தேர்தல்ல விழுந்த மொத்த வோட்டுல 5 சதவீதம் கையெழுத்து வாங்கினா சட்டம், 8 சதவீதம் வாங்கினா அரசியல் சாசனத் திருத்தம் பேலட்டுக்கு வந்துடும். 2022 கவர்னர் தேர்தலை வச்சு பாத்தா 5,46,651 கையெழுத்து, 8,74,641 கையெழுத்து. இது போக சட்டசபையே சிலதை நம்மகிட்ட அனுப்பும்.

வரி விஷயத்துல எல்லாத்தையும் புரட்டிப் போட்டது 1978 ஜூன்ல வந்த ப்ராப்பசிஷன் 13, சுருக்கமா ப்ராப் 13. எழுபதுகள்ல வீட்டு விலை கிடுகிடுன்னு ஏறினதுல வரியும் கூடவே ஏறி, பென்ஷன்ல இருக்கற வயசானவங்க எல்லாம் வரி கட்ட முடியாம வீட்டை விக்க வேண்டி வருமோன்னு பயந்தாங்க, ஹோவர்டு ஜார்விஸ், பால் கேன்னு ரெண்டு பேர் கையெழுத்து வாங்கி கொண்டு வந்தாங்க, கிட்டத்தட்ட 65 சதவீதம் பேர் யெஸ் போட்டாங்க. அது சொன்னது என்னன்னா, வீட்டு வரியோட அடிப்படை ரேட்டு மதிப்புல 1 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது, அந்த மதிப்பும் வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல ஏறக் கூடாது, வீடு கை மாறினாத்தான் புதுசா மார்க்கெட் விலைக்கு மதிப்பு போடணும். இதுக்கு அர்த்தம் என்னன்னு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க, 40 வருஷம் முன்னாடி 2 லட்சம் டாலருக்கு வாங்கின வீட்டுக்கு வருஷா வருஷம் 2 சதவீதம் ஏத்தினாலும் இன்னிக்கு மதிப்பு சுமார் 4 லட்சத்து 42 ஆயிரம், அடிப்படை வரி 4,400 டாலர் சுமார். பக்கத்துல அச்சா அதே மாதிரி வீட்டைப் போன வருஷம் 20 லட்சம் டாலருக்கு நீங்க வாங்கியிருந்தா 20,000 டாலர். அதே தெரு, அதே ஸ்கூல், அதே தண்ணி. இது நியாயமான்னு ஒரு அம்மா கேஸ் போட்டு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாங்க, 1992ல கோர்ட் இது செல்லும்னு சொல்லிடுச்சு.

என் அபிப்பிராயத்தைச் சொல்லணும்னா, பாட்டி தாத்தாவை வீட்டை விட்டுத் துரத்தாம காப்பாத்தின விதத்துல அது நல்லதுதான், ஆனா அதே சலுகை பெரிய கம்பெனிங்களோட ஆஃபிஸ் கட்டடத்துக்கும் சேத்துப் போயிடுச்சு, அதுதான் எனக்கு உறுத்தற இடம். அதை மட்டும் மாத்தலாம்னு 2020ல ப்ராப் 15 வந்துச்சு, கிட்டத்தட்ட 52 சதவீதம் நோ விழுந்து தோத்துடுச்சு. கடை வாடகை ஏறி சின்ன கடைக்காரங்க தலையில விழும்னு எதிர்ப்பக்கம் சொன்னதை நிறைய பேர் நம்பினாங்க, அதுலயும் கொஞ்சம் உண்மை இருந்துச்சு.

ப்ராப் 13ஓட இன்னொரு பாதிதான் உங்க கேள்விக்கு நேரான பதில். சட்டசபை வரி ஏத்தணும்னா மூணுல ரெண்டு பங்கு வோட்டு வேணும், ஊர்ல ஒரு குறிப்பிட்ட காரியத்துக்காக வரி போட்டாலும் வோட்டர்ஸ்ல மூணுல ரெண்டு பங்கு ஒத்துக்கணும்னு எழுதி வச்சுட்டாங்க. வீட்டு வரி வருமானம் பாதிக்கு மேல சரிஞ்சு ஸ்கூல் செலவு மாநிலத்து தலையில விழுந்துச்சு, மாநிலம் இன்கம் டாக்ஸை நம்ப வேண்டியதாச்சு, ஷேர் மார்க்கெட் விழற வருஷம் எல்லாம் பட்ஜெட்டும் சேர்ந்து விழுது. அப்படி ஒரு பள்ளத்துலதான் 2012ல கவர்னர் ஜெர்ரி பிரவுன் ப்ராப் 30 கொண்டு வந்தார், அதிக சம்பளக்காரங்களுக்கு இன்கம் டாக்ஸும் எல்லாருக்கும் டாலருக்குக் கால் சென்ட் சேல்ஸ் டாக்ஸும் ஏறுச்சு, 55 சதவீதம் யெஸ். சேல்ஸ் டாக்ஸ் முடிஞ்சு போச்சு, இன்கம் டாக்ஸை 2016ல ப்ராப் 55 மூலமா 2030 வரைக்கும் நீட்டிச்சாங்க. அதுல கணவன் மனைவி சேர்ந்து ஃபைல் பண்ணா அப்போ 5 லட்சம் டாலருக்கு மேல வர்றவங்களுக்குத்தான் அந்த எக்ஸ்ட்ரா, ரெண்டு பேரும் டெக்ல இருந்து ஸ்டாக் வந்து சேர்ற வருஷத்துல அந்த வரம்பு ஒண்ணும் எட்டாத உயரம் இல்ல, அதனால இது வேற யாரோ பணக்காரங்க விஷயம்னு நினைக்காதீங்க.

கேள்வி (ஃபோல்சம்): யெஸ் போட்டா வரி ஏறுமா, நோ போட்டா ஏறுமா, இதுவே புரியல. எங்க வாட்ஸாப் குரூப்ல ஒரு லிஸ்ட் வந்துச்சு, அதைப் பாத்து அப்படியே போட்டுட்டேன்.

ஒவ்வொண்ணுக்கும் மாறும், அதனாலதான் லிஸ்டை நம்பி போடாதீங்கன்னு சொல்றேன். 2018ல ப்ராப் 6ஐ எடுத்துக்கோங்க. 2017ல சட்டசபை எஸ்பி 1னு சட்டம் போட்டு பெட்ரோலுக்கு கேலனுக்கு 12 சென்ட் ஏத்துச்சு, அதை ரத்து பண்ணத்தான் ப்ராப் 6 வந்துச்சு. அப்போ யெஸ்னா வரி குறையும், நோன்னா வரி அப்படியே இருக்கும். ஆனா பேலட்ல தலைப்பு எப்படி இருந்துச்சுன்னா, சாலை ரிப்பேருக்கும் போக்குவரத்துக்கும் இருக்கற சில நிதியை நீக்குதுன்னுதான் ஆரம்பிச்சுது, வரி குறையும்ங்கற பேச்சு முன்னாடி வரல. தலைப்பை எழுதறவர் மாநில அட்டர்னி ஜெனரல், அவரும் ஒரு கட்சிக்காரர்தான். கடைசியில சுமார் 57 சதவீதம் நோ. தலைப்பை மட்டும் படிச்சுட்டுப் போட்டவங்க எத்தனை பேரோ. அந்த வரி வேணும்னு நினைக்கறவ நான், சாலை நிலைமையைப் பாத்தா வேற வழி இல்ல, ஆனா மக்கள் தெளிவா புரிஞ்சு வேணும்னு சொல்லியிருக்கணும்.

அதனால என்ன பண்ணணும்னா, தேர்தலுக்கு முன்னாடி செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அனுப்பற தடிமனான வோட்டர் கைடு வீட்டுக்கு வரும், அதை ரீசைக்ளிங்ல போடாதீங்க. முழுசா படிக்க நேரம் இல்லன்னா ரெண்டு இடம் மட்டும் படிங்க. ஒண்ணு, "யெஸ் வோட்டுன்னா என்ன ஆகும், நோ வோட்டுன்னா என்ன ஆகும்"னு ரெண்டு வரியில போட்டிருப்பாங்க. ரெண்டாவது, லெஜிஸ்லேடிவ் அனலிஸ்ட் ஆஃபிஸ், எல்ஏஓன்னு சொல்வாங்க, எந்தக் கட்சிக்கும் சேராத அலுவலகம், அவங்க எழுதற ஆராய்ச்சி நாலஞ்சு பக்கம் இருக்கும், எவ்வளவு பணம், யார்கிட்டேருந்து வருது, எங்க போகுதுன்னு எளிய இங்கிலீஷ்ல இருக்கும். ஆதரவு எதிர்ப்புன்னு ரெண்டு பக்கத்து வாதமும் அதே புக்ல இருக்கும், அதைக் கடைசியா படிங்க, அதெல்லாம் வக்கீல் வாதம் மாதிரி.

இன்னொண்ணு பாக்க வேண்டியது, யார் பணம் போட்டிருக்காங்கங்கறது. 2022ல இன்னொரு ப்ராப் 30 வந்துச்சு, நம்பர் ஒண்ணுங்கறதால 2012 கதையோட குழப்பிக்காதீங்க. 20 லட்சம் டாலருக்கு மேல வருமானம் இருக்கறவங்களுக்கு 1.75 சதவீதம் கூட வரி போட்டு எலக்ட்ரிக் காருக்கும் காட்டுத்தீ தடுப்புக்கும் செலவு பண்றதா திட்டம், கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அதுக்குப் பெரிய பணம் போட்டது லிஃப்ட்ங்கற (Lyft) டாக்ஸி ஆப் கம்பெனி, இந்த மாதிரி கம்பெனிங்க எல்லாம் எலக்ட்ரிக் காருக்கு மாறணும்னு மாநிலம் ஏற்கனவே கட்டாயப்படுத்தியிருந்த நேரம் அது. கவர்னர் நியூசமே எதிர்த்தார், தோத்துடுச்சு. டிவி விளம்பரத்துல பெரிய நன்கொடையாளர்கள் பேரு கீழ வரணும்னு சட்டம் இருக்கு, தேர்தல் பணத்தைக் கண்காணிக்கற எஃப்பிபிசிங்கற மாநில அமைப்போட வெப்சைட்லயும் டாப் 10 லிஸ்ட் இருக்கு. பாத்துட்டு அப்புறமும் உங்களுக்குப் பிடிச்சா தாராளமா யெஸ் போடுங்க.

கேள்வி (சன்னிவேல்): 1998ல வாங்கின வீடு, வாடகைக்கு விட்டிருக்கோம். பையனுக்கு எழுதி வச்சா எங்க பழைய வரியே அவனுக்கும் தொடரும்னு நண்பர் சொல்றார். உண்மையா?

ஒரு காலத்துல உண்மை, இப்போ இல்ல சார். 2020ல ப்ராப் 19னு ஒண்ணு சுமார் 51 சதவீதத்துல ஜெயிச்சுது. விளம்பரத்துல எல்லாம் தீயணைப்பு வீரர்கள் வந்தாங்க, 55 வயசு தாண்டினவங்க வீடு மாத்தினா பழைய வரி மதிப்பைக் கூடவே எடுத்துட்டுப் போகலாம்னு சொன்னாங்க, அது நிஜம், நல்ல சலுகை. ஆனா அதே ப்ராப்பசிஷன்ல இன்னொரு பாதி இருந்துச்சு, பெத்தவங்ககிட்டேருந்து பிள்ளைக்குப் போற வீட்டுக்கு இருந்த பழைய சலுகையைச் சுருக்கிடுச்சு. 2021 பிப்ரவரி 16லேருந்து, அது உங்க சொந்தக் குடியிருப்பா இருந்து, பிள்ளையும் ஒரு வருஷத்துக்குள்ள அதுலயே குடியேறினாத்தான் சலுகை, அதுலயும் ஒரு வரம்பு உண்டு. வாடகைக்கு விட்ட வீட்டுக்கு அது கிடையாது, இன்னிக்கு மார்க்கெட் விலைக்கு மதிப்பு போடுவாங்க. இந்த வருத்தத்தோட எனக்கு எழுதறது நீங்க மட்டும் இல்ல, இதுக்கு யெஸ் போட்ட குடும்பங்களே எழுதறாங்க, எல்ஏஓ பக்கத்துல இது தெளிவா எழுதியிருந்துச்சு. எதையும் எழுதி வைக்கறதுக்கு முன்னாடி உயில், சொத்து விஷயம் பாக்கற எஸ்டேட் வக்கீலையும் வரிக்கு மதிப்பு போடற கவுன்ட்டி அசெஸ்ஸர் ஆஃபிஸையும் கேட்டுட்டு செய்யுங்க.

கேள்வி (சான்டா கிளாரா): எங்க பிள்ளைங்க காலேஜ் முடிச்சாச்சு. ஸ்கூல் பாண்ட், பார்சல் டாக்ஸ்னு வந்தா நாங்க ஏன் யெஸ் போடணும்? வாடகைக்கு இருக்கறவங்களும் இதுல வோட்டு போடறாங்களே, அது சரியா?

யெஸ் போடணும்னு யாரும் கட்டாயப்படுத்த முடியாது, ஆனா கணக்கைத் தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க. பாண்ட்னா ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் கடன் வாங்கி கட்டடம் கட்டும், அந்தக் கடனை உங்க வீட்டு வரியில சேத்து அடைப்பாங்க, இதுக்கு 2000ல வந்த ப்ராப் 39க்கு அப்புறம் 55 சதவீதம் வோட்டு போதும். பேலட்ல 1 லட்சம் டாலர் மதிப்புக்கு இத்தனை டாலர்னு போட்டிருப்பாங்க, அது மார்க்கெட் விலை இல்ல, உங்க வரி பில்ல இருக்கற மதிப்பு. உதாரணமா 60 டாலர்னு போட்டிருந்து உங்க பில்ல 15 லட்சம்னு இருந்தா வருஷத்துக்கு 900 டாலர், போன வருஷம் வாங்கினவங்களுக்கு இது வலிக்கும், 1985ல வாங்கினவங்களுக்கு வலிக்காது. பார்சல் டாக்ஸ் வேற, பார்சல்னா இங்க மனை, பெரும்பாலும் பெரிய வீடு சின்ன வீடு எல்லாத்துக்கும் ஒரே தொகை, டீச்சர் சம்பளத்துக்குக் கூட அந்தப் பணம் போகலாம், ஸ்கூல் போர்டே கொண்டு வந்தா மூணுல ரெண்டு பங்கு வோட்டு வேணும். நிறைய டிஸ்ட்ரிக்ட்ல 65 வயசு தாண்டினவங்களுக்குப் பார்சல் டாக்ஸ் விலக்கு இருக்கு, ஆனா தானா வராது, விண்ணப்பம் போடணும், சில இடத்துல வருஷா வருஷம் போடணும். இதைத் தெரியாமலே கட்டிக்கிட்டு இருக்கற பெரியவங்க நம்ம ஆளுங்கள்ல நிறைய பேர்.

பொது வருமானத்துக்குன்னு போடற சேல்ஸ் டாக்ஸுக்குப் பாதிக்கு மேல வந்தா போதும். உங்க கவுன்ட்டியிலயே 2025 நவம்பர்ல மெஷர் ஏ அப்படித்தான் ஜெயிச்சுது, ஒரு டாலருக்கு எட்டுல அஞ்சு பங்கு சென்ட் (5/8), அதாவது 0.625 சதவீதம், 5 வருஷத்துக்கு. வருமானம் குறைஞ்சவங்களுக்கான மெடிகெய்டு மருத்துவ உதவியில ஃபெடரல் அரசு கை வச்சதால கவுன்ட்டி ஆஸ்பத்திரிங்க தவிக்கப் போகுதுன்னு கொண்டு வந்தாங்க. பொது வரிங்கறதால அந்தப் பணம் ஆஸ்பத்திரிக்கே போகணும்னு சட்டப்படி கட்டு இல்ல, சூப்பர்வைசர்ஸ் கூட்டத்துல யாராவது போய்க் கேட்டுக்கிட்டே இருந்தாத்தான் உண்டு.

வாடகைக்காரங்க விஷயத்துல உங்க கூட எனக்கு ஒத்துப்போகல. அவங்க பிள்ளைங்களும் அதே ஸ்கூல்ல படிக்குது, வீட்டுக்காரர் வரியை வாடகையில ஏத்தினா அதையும் அவங்கதான் சுமக்கறாங்க. சொத்து இருக்கறவங்களுக்குத்தான் வோட்டுங்கற காலத்துக்குத் திரும்பிப் போக வேண்டாம்.

கேள்வி (ப்ளசன்டன்): அம்மா சிட்டிசன் ஆயிட்டாங்க, இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அவங்க பேலட்டையும் நானே நிரப்பி அனுப்பிடறேன், தப்பா?

உதவி பண்றது தப்பே இல்ல, ஃபெடரல் வோட்டிங் ரைட்ஸ் ஆக்ட்லயே எழுதப் படிக்க முடியாதவங்க தனக்கு நம்பிக்கையான ஒருத்தரை உதவிக்கு வச்சுக்கலாம்னு இருக்கு, முதலாளியும் யூனியன் ஆளும் மட்டும் கூடாது. ஆனா முடிவு அம்மாவோடதா இருக்கணும். ஒவ்வொரு மெஷரையும் தமிழ்ல எடுத்துச் சொல்லுங்க, "இதுக்கு யெஸ் போட்டா நம்ம வீட்டு வரி வருஷத்துக்கு இவ்வளவு ஏறும், ஸ்கூலுக்குப் போகும், என்னம்மா சொல்றீங்க"ன்னு கேளுங்க. ரேஷன் கடை வரிசையிலயும் பஞ்சாயத்துலயும் காலம் தள்ளினவங்களுக்குப் பணம் எங்க போகும்னு நம்மளை விட நல்லாத் தெரியும். கவர் மேல கையெழுத்து அவங்கதான் போடணும், தமிழ்லயும் போடலாம், பதிஞ்சப்போ போட்ட அதே மாதிரி இருந்தா போதும். அவங்களுக்குப் பதிலா நீங்க போட்டா அது குற்றம்.

கேள்வி (ஃப்ரிஸ்கோ, டெக்சஸ்): இங்க இன்கம் டாக்ஸே இல்லையே, நாங்க எதுக்கு இதெல்லாம் பாக்கணும்? ஆன்லைன்லயும் ரிஜிஸ்டர் பண்ண முடியல.

முழுக்க ஆன்லைன்ல பதியற வசதி டெக்சஸ்ல இல்லைங்க, ஃபார்மை பிரிண்ட் எடுத்து கையெழுத்து போட்டு கவுன்ட்டிக்கு அனுப்பணும், தேர்தலுக்கு 30 நாள் முன்னாடியே, கடைசி நிமிஷம்கற பேச்சே அங்க கிடையாது. கலிஃபோர்னியா மாதிரி மக்கள் கையெழுத்து வாங்கி மாநிலச் சட்டம் கொண்டு வர்ற முறையும் இல்ல, சட்டசபை மூணுல ரெண்டு பங்கோட அனுப்பற சாசனத் திருத்தம்தான் வரும், அது பெரும்பாலும் ஒத்தைப்படை வருஷ நவம்பர்ல வர்றதால யாரும் கண்டுக்கறதில்ல. ஆனா அந்தக் காலித் தேர்தல்லதான் பெரிய விஷயம் எல்லாம் நடக்குது. தனிநபர் இன்கம் டாக்ஸே போடக் கூடாதுன்னு 2019ல சாசனத்துல எழுதினாங்க. குடியிருக்கற வீட்டுக்கு ஸ்கூல் வரியில ஹோம்ஸ்டெட் விலக்கை 40,000 டாலர்லேருந்து 1 லட்சமா 2023ல ஏத்தினாங்க, 2025ல 1,40,000 ஆக்கினாங்க. இன்கம் டாக்ஸ் இல்லாததுக்கு விலையை வீட்டு வரியிலதான் குடுக்கறீங்க, உங்க பில்லைப் பாத்தாலே தெரியும். ஹோம்ஸ்டெட்டுக்கு, வீட்டு மதிப்பு போடற அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்ல விண்ணப்பம் போட்டாச்சான்னு இன்னிக்கே பாருங்க. ஸ்கூல் பாண்ட் பேலட்ல "இது வீட்டு வரி உயர்வு"ன்னு பெரிய எழுத்துல இருக்கும், 2019லேருந்து எல்லா ஸ்கூல் பாண்டுக்கும் அந்த வாசகம் கட்டாயம், ரேட்டு ஏறாத பாண்டா இருந்தாலும் அதே வாசகம்தான் வரும், அதனால அதைப் பாத்து மட்டும் முடிவு பண்ணாதீங்க.

கேள்வி (ரெட்மண்ட், வாஷிங்டன்): கம்பெனி ஸ்டாக் வித்தா 7 சதவீதம் மாநில வரியாமே, அதை எடுக்க வோட்டு வந்ததா சொன்னாங்க, என்ன ஆச்சு?

2021ல சட்டசபை போட்ட கேப்பிட்டல் கெய்ன்ஸ் வரி அது. வருஷத்துக்கு 2,50,000 டாலருக்கு மேல வர்ற நீண்டகால லாபத்துக்குத்தான், அந்த வரம்பும் விலைவாசியோட கொஞ்சம் கொஞ்சமா ஏறும், வீடு வித்த லாபத்துக்கும் ரிட்டயர்மென்ட் கணக்குக்கும் கிடையாது. 2023ல மாநில சுப்ரீம் கோர்ட் செல்லும்னு சொல்லுச்சு, 2024 நவம்பர்ல அதை ரத்து பண்ண ஐ-2109ங்கற மெஷர் பேலட்டுக்கு வந்து, சுமார் 64 சதவீதம் பேர் நோ போட்டு வரியைக் காப்பாத்தினாங்க. பணம் ஸ்கூலுக்கும் குழந்தைங்க பராமரிப்புக்கும் போகுது. 2025ல 10 லட்சத்துக்கு மேல போற லாபத்துக்கு இன்னும் 2.9 சதவீதம் கூட்டினாங்க. உங்க மாநிலத்துல தேர்தல் அன்னிக்கு ராத்திரி 8 மணி வரைக்கும் நேர்ல போய்ப் பதியலாம்.

கேள்வி (சான் ரமோன்): ஜூரி டூட்டிக்குக் கூப்பிட்டுடுவாங்கன்னு பதியாம இருக்கேன்.

கலிஃபோர்னியாவுல ஜூரி லிஸ்ட்டுக்கு டிஎம்வி லிஸ்டையும் எடுக்கறாங்க, லைசென்ஸ் இருந்தாலே கூப்பிடுவாங்க. வோட்டை மட்டும் இழந்துட்டு உக்காந்திருக்கீங்க, பதிஞ்சுடுங்க.

கேள்வி (மில்பிடாஸ்): பேலட் நாலு பக்கம் இருக்கு. மேல இருக்கறதை மட்டும் போட்டுட்டு மீதியை விட்டா மொத்தமும் செல்லாம போயிடுமா? நடுவுல தப்பா நிரப்பிட்டா என்ன பண்றது?

செல்லாம போகாதுங்க, நிரப்பினது எண்ணப்படும், விட்டது எண்ணப்படாது, அவ்வளவுதான். ஆனா 55 சதவீதம், மூணுல ரெண்டு பங்குன்னு சொல்றதெல்லாம் அந்த மெஷருக்கு விழுந்த வோட்டுல எத்தனைங்கற கணக்கு. நீங்க விட்டுட்டா அந்த இடத்துல நோன்னு ஆகாது, நிரப்பின உங்க பக்கத்து வீட்டுக்காரர் வோட்டுக்கு எடை கூடும். லோக்கல் வரியில எல்லாம் சில நூறு வோட்டுல ஜெயிக்கறதும் தோக்கறதும் உண்டு, பிரசிடென்ட் தேர்தல்ல கலிஃபோர்னியா யாருக்குப் போகும்னு எல்லாருக்கும் முன்னாடியே தெரியும். அதனால நான் பேலட்டைப் பின்னாடிலேருந்து ஆரம்பிப்பேன், மனசு தெளிவா இருக்கறப்போ லோக்கல் மெஷர், அப்புறம் ப்ராப்பசிஷன், கடைசியா மேல இருக்கற பெரிய பேருங்க. தப்பா நிரப்பிட்டீங்கன்னா கவுன்ட்டி எலெக்‌ஷன் ஆஃபிஸுக்கு ஃபோன் பண்ணுங்க, வேற பேலட் குடுப்பாங்க, இல்லன்னா பழசை எடுத்துக்கிட்டு நேரா வோட் சென்டருக்குப் போங்க, மாத்திக் குடுப்பாங்க.